சண்டைக்கு மட்டும் நிற்கும் கடிகாரம்

சக்கரத்தின் விளிம்பை ஒரே இழுப்பில் சுற்றிக்கொண்டிருந்த யமுனாவின் கை சட்டென்று நின்றது. ஊசிக்குக் கீழே இருந்த தோள் சில்லிட்டுக் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். டாட்டூ குத்திக்கொள்ள வந்திருந்த ஆட்டோக்காரர் கன்னையாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னண்ணா, காலையில துன்னீங்களா?"

"புரட்டாசி சனிக்கிழமைம்மா. சாமியோட சங்கு சக்கரம் குத்திக்கிற அன்னிக்கு வயித்துல எதையாவது போட்டுக்கினு வர முடியுமா?"

வெறும் வயிற்றுக்காரருக்கு ஊசி வைத்தால் ஆள் சரிந்துவிடுவார்.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தை வளைத்துப்போட்டு நடந்துகொண்டிருந்தது அந்தத் தெலுங்கு சேனலின் டாட்டூ போட்டி. இன்றைக்கு ஜெயித்தால் ஹைதராபாத்தில் இறுதிச் சுற்று. தோற்றால், பிச்சாட்டூரில் அப்பாவுக்கு, அவள் நைனாவுக்கு, கொடுத்த வாக்குப்படி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாட்டூ கடையை மூடிவிட்டு, தங்கச்சியோடு கம்பெனி பஸ் ஏறி செல்போன் பாகங்களைப் பூட்டும் வேலைக்குப் போக வேண்டும்.

"சார், இவரு ஏதாவது குடிக்கணும். கொஞ்சம் நேரத்தை நிறுத்துங்க."

உதவி டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ரூல் இல்லம்மா."

அந்த செட்டில் கடிகாரம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நிற்கும். சண்டை. போட்டியாளர்கள் முட்டிக்கொண்டால் கேமராக்களைத் திருப்பி வைக்க வேண்டுமே. ஜனங்கள் பார்ப்பதே அதைத்தானே.

மிச்சமிருந்த நேரம் வேலைக்கே பற்றாது. யமுனா மெஷினைக் கீழே வைத்தாள்.

"போட்டி கெடக்குதுண்ணா. நீங்க சாஞ்சு உக்காருங்க."

தண்ணீருக்காகக் கதவுப் பக்கம் போனவளைப் பின்னாலிருந்து ஒரு குரல் அறைந்தது.

"திருடி. அது என் டிசைன்."

கிரண்குமார். இந்தச் சுற்றில் அவளோடு மோதும் போட்டியாளன். சாந்திபுரத்துக்காரன், பெங்களூரு மாலில் டாட்டூ கடை வைத்திருப்பவன். தன் இடத்தை விட்டு வந்து, கன்னையாவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

"பெங்களூரு போனா கண்ணு அவிஞ்சு பூடுமா? சங்கு சக்கரம் உங்க வூட்டுச் சொத்தா?" என்று பாய்ந்து வந்தாள் யமுனா.

"பஸ் ஸ்டாண்டு ஆர்ட்டிஸ்ட்டுக்கு வாயப் பாரு."

"டைம் ஆபண்டி" என்று டைரக்டர் குதூகலமாகக் கத்த, கடிகாரம் நின்றது. மூன்று கேமராக்கள் ஓடிவந்து இருவர் முகத்திலும் ஒட்டிக்கொண்டன. தொண்டை வறளும் வரை திட்டித் தீர்த்தாள். அவனும் சளைக்கவில்லை.

திரும்பி வந்தபோது கன்னையா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் களை திரும்பியிருந்தது. "நீ நடத்தும்மா," என்றார். ஓய்வு கிடைத்ததில் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். மணி அடிக்கும்போது கடைசிக் கோடு முடிந்தது.

யமுனா ஜெயித்தாள். இடத்தை விட்டு வந்து சண்டையைத் தொடங்கிய ஒழுங்கீனத்துக்காக மதிப்பெண் வெட்டப்பட்டு கிரண்குமார் வெளியேறினான். வேணும் அவனுக்கு என்று மனசு குளிர்ந்தது. கேமராவைப் பார்த்துக் கைகூப்பினாள். பெருமாளுக்கு, நைனாவுக்கு, கன்னையாவுக்கு, டீ கொடுத்த அம்மாவுக்குக்கூட நன்றி சொன்னாள். சொல்லச் சொல்லக் கண் நிறைந்தது.

வாசலில் கன்னையா காத்திருந்தார். கிரண்குமார் ஏறிய பஸ் தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"ஒருத்தர விட்டுட்டியேம்மா."

"யாரண்ணா?"

"நீ தண்ணிக்குத் திரும்பின ஒடனே அந்தத் தம்பி குளுக்கோஸ் பாட்டில என் மடியில வச்சாரு. 'தீர்த்தம்னு நெனச்சுக் குடிச்சிடுங்கண்ணா, நான் கடிகாரத்த நிறுத்தறேன், நான் ஊருக்குப் போற வரைக்கும் அவங்ககிட்ட சொல்லாதீங்க'ன்னு காதுல சொல்லிட்டுத்தான் உன்ன திருடின்னாரு."