இயர்போனில் இரைச்சல்

தென்காசியில் வாங்கிய இயர்போனை மறுநாளே அந்தக் கடை மேசையில் வீசினேன்.

“வயரு நூல் கணக்கா இருக்கு. காதுல மாட்டுனா ஒரே இரைச்சல். இதைப் போய் என் தலையில கட்டிட்டீகளே, அண்ணாச்சி!”

கடைக்காரர் காதுக்குள் போகும் ரப்பரை மாற்றி, தன் போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தார். சுத்தமாகக் கேட்டது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“பாட்டு யாருக்கு வேணும்? ஷார்ஜாவுலருந்து எங்க மாப்பிள அனுப்புன வாய்ஸ்லதான் இரைச்சல்!”

அதையும் போட்டேன். “ஜுஹைனா, இந்த வருசம் லீவு கிடைக்கல. ரூம்லதான் இருக்கேன்” என்றார் என் கணவர். பின்னால் அதே இரைச்சல். அதற்குள்ளிருந்து இப்போது ஒரு மைக் குரலும் தெளிவாகக் கேட்டது: “மெயின் அருவியில் சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாது!”

இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

“இது நல்ல இயர்போன்தான், அண்ணாச்சி. குத்தாலத்துக்கு ஒரு ஆட்டோ கூப்பிடுங்க.”