நூற்று எண்பத்தெட்டாம் பக்கம்

எடுத்த புத்தகத்தை முடிக்காமல் கீழே வைத்தவள் என்ற கெட்ட பெயர் எனக்குக் கிடையாது. பள்ளிப் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் வேலை. பதினேழு வருடமாக, முன்னட்டையில் தொடங்கிக் கடைசிப் பக்கத்து அச்சக முகவரி வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. சலவை இயந்திரத்தோடு வந்த கையேட்டை முழுவதும் படித்த ஒரே ஆள் இந்தக் கட்டடத்தில் நானாகத்தான் இருக்கும். பாதியில் விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் ஒரு துப்பறியும் கதையை நூறு பக்கத்தோடு மூடிவிட்டு, "யாரு கொன்னா எனக்கென்ன?" என்று கேட்டார். இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மாமாவுக்கு நான் புத்தகம் படித்துக்காட்டத் தொடங்கினேன்.

மாமா என்றால் என் மாமனார். தண்ணீர் நிலையத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். தொட்டி நிரம்பும்வரை மோட்டாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை. அந்த நேரத்தில் படித்துப் படித்தே அலமாரி கொள்ளாத அளவுக்குப் புத்தகம் சேர்த்துவிட்டார். அத்தை போன பிறகு தனியாகவே இருந்தார். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே பதினொரு பெட்டிகளில் அவருடைய புத்தகங்களும் வந்தன.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி தர ஒரு டீச்சர் வருவார். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"முதல் ஆறு மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள ஒரு வார்த்தை வந்துட்டா பின்னாடியே மத்ததும் வரும். வரலன்னா கஷ்டம்தான். காதுல பேச்சு விழுந்துக்கிட்டே இருக்கட்டும், எதையாவது படிச்சுக் காட்டுங்க. ஆனா ஒண்ணு, அவர் தலையாட்டுறத நம்பாதீங்க. ஆமான்னாலும் அதே ஆட்டுதான், இல்லைன்னாலும் அதே ஆட்டுதான். இந்த நோயில அது குழம்பிப்போகும்."

எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன், கடைசியில் சொன்னதைத் தவிர.

அன்று மாலையே பெட்டிகளைப் பிரித்தேன். மேலாக ஒரு தடிமனான நாவல் இருந்தது. கப்பல் கட்டும் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை, ஆயிரத்து நானூறு பக்கம். நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்று செருகியிருந்தது. பாவம், கதை பாதியில் நிற்கும்போதே மனிதர் விழுந்திருக்கிறார், மீதியை யார் சொல்வார்கள் என்று உள்ளுக்குள் எவ்வளவு தவித்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். அந்தத் தாளில் இருந்த தேதி இரண்டு வருடம் பழையது. எழுத்துப்பிழை ஒன்று தப்பினால் தூக்கம் வராத நான், அதைப் பார்த்துவிட்டு, ஏதோ கையில் கிடைத்த காகிதம் என்று விட்டுவிட்டேன்.

நடுவிலிருந்து படிக்க என்னால் ஆகாது. அதனால் முதல் நூற்று எண்பத்தேழு பக்கத்தை ஒரு வாரத்தில் நான் தனியாகப் படித்து முடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன். ஒரு பாய்மரத்துக்கு மரம் தேர்ந்தெடுக்கவே நாற்பது பக்கம். இருந்தாலும் மாமாவுக்குப் பிடித்த புத்தகமாயிற்றே.

"மிச்சத்தப் படிக்கட்டுமா மாமா?" என்று கேட்டேன். தலையாட்டினார். ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கமாக, அவருடைய வலப்புறத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம், காதில் நன்றாக விழட்டும் என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பேன். நான் புத்தகத்தைத் திறந்ததுமே மாமா இடது கையால் கட்டில் கம்பியை டொக் டொக் என்று தட்டுவார். "அவசரப்படாதீங்க மாமா, இதோ ஆரம்பிச்சுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே தொடங்குவேன். எவ்வளவு ஆர்வம் பாருங்கள் என்று டீச்சரிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாம் மாதத்தில் தட்டுவது நின்றது. நான்காம் மாதத்தில், நான் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார்.

பயிற்சியிலும் அப்படித்தான். முன்பெல்லாம் டீச்சர் "தண்ணி" என்றால் உதட்டையாவது குவிப்பார். இப்போது வாயைத் திறக்கவே இல்லை.

"முயற்சி பண்றதையே விட்டுட்டாரு. நாம சொல்றது எதுவும் எடுபடலன்னு தோணிட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் டீச்சர். ஐந்து மாதம் முடிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் நாத்தனார் அப்பாவைப் பார்க்க வந்தாள். வெளியூரில் செவிலியர் வேலை, லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. உள்ளே வந்தவள், என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"இதையா அண்ணி படிக்கிறீங்க? இது அப்பாவுக்குப் பிடிக்காதே."

"யாரு சொன்னா? நூத்தி எண்பத்தெட்டு வரைக்கும் படிச்சிருக்காரு. அடையாளம் வெச்சிருந்தாரு."

"என்ன அடையாளம்?"

தாளை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அண்ணி, அப்பா படிச்சுக்கிட்டிருக்கிற புத்தகத்துல எதுவும் வெக்க மாட்டாரு. அவருக்குப் பக்கம் ஞாபகம் இருக்கும். இனிமே இதைத் தொட மாட்டேன்னு முடிவு பண்ணாத்தான் அன்னைக்குத் தேதியக் கிழிச்சு உள்ள வெப்பாரு. சின்ன வயசுல நாங்க கேட்டா, 'இது செத்த தேதி'ம்பாரு."

நான் நம்பவில்லை. இருவரும் பெட்டி பெட்டியாகக் குடைந்தோம். நாற்பத்து மூன்று புத்தகங்களில் தாள் இருந்தது. ஒன்றில் ஒன்பதாம் பக்கத்திலேயே தாள். நேர்மையான மனிதர், ஒரு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை, நாற்பத்து மூன்று புத்தகங்களை நட்டாற்றில் விட்டிருக்கிறார்! என் கொள்கைப்படி அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த டொக் டொக் சத்தம்தான் காதில் கேட்டது. நிறுத்து, நிறுத்து என்று மூன்று மாதம் தட்டியிருக்கிறார். நான் சிரித்துச் சிரித்து அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். ஓடிப்போகக் காலில்லை, வேண்டாமென்று சொல்ல வாயில்லை. அப்படிப்பட்டவரிடம் ஐந்து மாதம் கப்பல் கட்டியிருக்கிறேன்.

போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, இந்தப் புத்தகம் உங்களுக்குப் பிடிக்காதாமே. எனக்குத் தெரியாது மாமா. என்னை மன்னிச்சிடுங்க. எனக்கும் இது பிடிக்கல."

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாயின் இடப்பக்கம் மட்டும் மெல்ல மேலே போனது. ஐந்து மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் நாற்காலியை இடப்புறம் மாற்றிப் போட்டேன். வெளிச்சம் போதவில்லை, பரவாயில்லை என்று மேஜை விளக்கை இழுத்து வைத்தேன். தாள் இல்லாத புத்தகங்களில் ஏழெட்டையும், நூலகத்திலிருந்து புதிதாகக் கொஞ்சத்தையும் அடுக்கினேன். புத்தகத்தை அவருடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி கட்டில்மேலேயே விரித்து வைத்தேன்.

"பிடிக்கலன்னா நீங்களே மூடிடுங்க மாமா. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

முதல் புத்தகத்தை மூன்றாம் பக்கத்தில் மூடினார். இரண்டாவதை முதல் பத்தியிலேயே. மூன்றாவது ஒரு பயணக் கதை, நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் கதாநாயகன் தத்துவம் பேச ஆரம்பித்ததும் பட்டென்று மூடினார். அந்தக் கையில் என்ன வேகம்! டீச்சர் அசந்துபோனார். "எதையாவது வேணும், வேணாம்னு நினைக்கிறாரே, அதுவே பெரிசு" என்றார். ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை. ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

அன்று நான் என் சொந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது, இரண்டு சகோதரிகள் ஒரே வீட்டில் பேசாமல் வாழ்கிற கதை. ஆறு முறை படித்திருக்கிறேன், ஆறு முறையும் அழுதிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, இது பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொன்ன புத்தகம் அது. அவர் பிடித்ததாகச் சொன்னார். உண்மையோ பொய்யோ, நான் தோண்டவில்லை.

ஒன்பது பக்கம் படித்திருப்பேன். மாமாவின் கை நகர்ந்து வந்தது.

நான் புத்தகத்தைச் சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கொடுத்த வாக்கெல்லாம் பறந்துவிட்டது.

"இருங்க மாமா. ஆரம்பம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும். அக்கா கடிதம் எழுதுற இடம் வரட்டும், அப்புறம் பாருங்க."

கை மறுபடி நீண்டது. நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டே பக்கம் மாமா."

மாமாவின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கோணிக்கொண்டு, தொண்டைக்குள் எதையோ உருட்டி, நெம்பி, வெளியே தள்ளினார்.

"வே... ணாம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்ன சொன்னீங்க? மாமா, என்ன சொன்னீங்க?"

காது கேளாதவளிடம் மாட்டிக்கொண்டோமே என்பதுபோல் என்னைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"வேணாம்!"

என் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். நான் அழுதுகொண்டே, "மாமா பேசிட்டாரு, மாமா பேசிட்டாரு" என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"என் புத்தகம் வேணாமாம்!"

அவர் அப்பாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், என் கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, "எனக்கும் வேணாம்பா" என்றார். அந்தக் கணக்கை அவரோடு பிறகு தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

புத்தகத்தை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்கிலிருந்து அடுத்ததை எடுத்தேன். யார் எழுதியது, எத்தனை பக்கம் என்று எதையும் பார்க்கவில்லை. மாமா கையை நீட்டினார். எட்டாத தூரத்துக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டேன். இதுவும் அவருக்குப் பிடிக்காமல் போகவேண்டுமே என்று மனதார வேண்டிக்கொண்டு முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தேன்.