ரோஜா விட்ட இடைவெளி

ரோஜாவின் நோட்ஸ் எழுதியதல்ல, பேசியது. காலேஜ் லீவு விட்டால் நாரணாபுரத்துப் பட்டாசு ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறவளுக்கு எழுத ஏது நேரம்? சட்டப் பாடங்களைப் போனில் பேசி வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். புத்தகம் வாங்கிய மகராசிகளும் பரீட்சைக்கு அதைத்தான் கேட்டோம்.

நடுவே கேள்வி கேட்டு, நாம் பதில் சொல்ல ஒரு மூச்சு இடைவெளி விடுவாள். பிறகு, "சரி, அதேதான்." தப்பாகச் சொன்னாலும் அதையேதான் சொல்லும். "ஏ கூறுகெட்டவளே, உன் ரெக்கார்டிங்குக்குக் காதா இருக்கு?" என்று அவளை ஓட்டாத நாளில்லை.

கடைசிப் பாடம் மரண வாக்குமூலம். குரூப்பில் போடுமுன் எனக்கு மட்டும் அனுப்பினாள். "கோவிச்சுக்காத பானு, உங்கய்யாவ இழுத்திருக்கேன்," என்று கூடவே ஒரு வரி. பாடம் இப்படிப் போனது: "சாகப்போறோம்னு தெரிஞ்சுதான் சொல்லணும்னு இல்ல. செத்தவுக தன் சாவுக்குக் காரணத்தச் சொல்லியிருந்தா அது சாட்சி. என்னையவே வச்சுக்கோ. சீசன்ல ஆளு நழுவிரக் கூடாதுன்னு எங்க ஷெட்டுப் பின்கதவ வெளிய பூட்டிருவாக. தீப்பிடிச்சு நான் செத்தா, பூட்டுனது யாரு? சொல்லு." இடைவெளி. "சரி, அதேதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பாவி.

அது குரூப்புக்கு வருமுன்னே, அந்த வாரமே ஷெட் வெடித்தது. ரோஜா போய்விட்டாள். அங்கே ஃபோர்மேன் முத்துப்பாண்டி, என் அப்பா.

நேற்று மத்தியானம் ரோஜாவின் அம்மா மாரித்தாய் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"பின்கதவு தொறந்துதான் கெடந்துச்சுன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீக. அப்ப எம்புள்ள ஏன் ஓடியாரல?"

"புகையில தெச தெரியாமப் போயிருக்கும்க்கா," என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். அத்தை தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அப்பா கதவைச் சாத்தினார். அந்தப் பாடத்தைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"அத அழிச்சிரு தாயி. அப்பன் ஜெயிலுக்குப் போகணுமா?"

என்னை வக்கீலாக்கியே தீருவேன் என்று ஓடாய்த் தேய்ந்த மனிதர். அழித்துவிடத்தான் போனை எடுத்தேன். அதற்குமுன் அவள் குரலை ஒரே ஒரு தடவை கேட்கலாம் என்று தோன்றியது.

"பூட்டுனது யாரு? சொல்லு."

"யாரும் பூட்டல. விபத்து," என்றேன்.

ரோஜா பேசவில்லை. திரையில் கோடு கடைசியைத் தொட்டுவிட்டது. ஆனாலும் உள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்டது. பதிலுக்குக் காத்திருக்கிற மூச்சு.

"நின்னுபோச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஓடுது."

அவர் போனைப் பிடுங்கி அணைத்தார். திரை இருண்டது. மூச்சு நிற்கவில்லை. அப்பா போனைத் தரையில் வைத்துவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்தார்.

"நாந்தான். நாந்தாம்மா பூட்டுனேன். சாவி என் மடியிலதான் இருந்துச்சு."

"சரி, அதேதான்," என்றாள் ரோஜா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அப்பா சுவரோடு சரிந்தார். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அதற்கு நேரமில்லை, பஸ் வந்துவிடும். போனை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினேன்.

"அத்தே! ஏறாதீக, நில்லுங்க!"