லிஃப்ட் கடை

லிஃப்ட் நின்று முப்பத்தாறு வருஷமாகிறது. துணிக்கடையையும் மூடியாயிற்று. ஆனாலும் கண்டக்டர் அந்த ஸ்டாப்பில் "லிஃப்ட் கடை, லிஃப்ட் கடை" என்றுதான் தொண்டை கிழியக் கத்துகிறார். ஊருக்கே முதல் லிஃப்ட் அது. ஒரு கைக்குட்டைகூட வாங்காமல், ஏறி இறங்கிப் போவதற்கென்றே கும்பல் வரும். ஓட்டியது என் அண்ணன். நான் மூன்றாம் மாடியில் போர்வைப் பிரிவு.

இப்போது அது பாரம்பரியக் கட்டடமாம். வாசலில் வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறார்கள். அதை எழுதும் பெண் அண்ணி வீட்டுக்கே வந்து படித்துக் காட்டினாள். 'குடிபோதையில் ஊழியர் ஒருவர் விழுந்து இறந்ததால் லிஃப்ட் நிறுத்தப்பட்டது.' அன்று முதலாளி போலீசிடம் அவிழ்த்துவிட்ட அதே புளுகு.

"அவரு ஒரு சொட்டு தொட்டதில்லம்மா. ஊரே நின்னு படிக்கிற இடத்துல இதையா எழுதுவீங்க?" என்றாள் அண்ணி.

"வேற காரணம் தெரிஞ்சவங்க யாராவது சொன்னா மாத்திடலாம்மா."

தெரிந்தவள் நான், பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

லிஃப்ட் வந்து நின்றதும் உள்ளே இருப்பவர் இரண்டு முறை பெல் அடிப்பார். கதவைத் திறக்கலாம் என்று அர்த்தம். எனக்கும் அண்ணனுக்கும் அதில் இன்னொரு அர்த்தம் உண்டு. டப்பாவைத் திறந்துவிட்டேன், சாப்பிட வா. எப்போதும் லிஃப்டுக்குள் அவனே இருப்பதால் குழப்பம் வந்ததில்லை. அன்று கிடங்கு ஆள் லிஃப்டை மேலே கொண்டுபோயிருந்தார். அண்ணன் தலையில் துணிமூட்டையோடு இரண்டாம் மாடியில் காத்து நின்றிருக்கிறான். எனக்கு அது தெரியாது. சாப்பிடக் கூப்பிட, என் மாடியில் இருந்த பெல்லை இரண்டு முறை அழுத்தினேன். மூட்டை கண்ணை மறைக்க, லிஃப்ட் வந்துவிட்டதென்று கம்பிக்கதவைத் தள்ளி வெறும் குழிக்குள் காலை வைத்துவிட்டான்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் துப்பில்லை. நாதியற்ற என்னைக் கூடவே வைத்துச் சோறு போட்டவள் அண்ணி. சொன்னால் அவளும் இல்லாமல் போய்விடுவாளோ என்று பயம். ஆனால் குடிகாரன் என்று பலகையில் ஏறிவிட்டால் அவன் இன்னொரு தடவை சாவான்.

சொல்லிவிட்டேன். எழுத வந்த பெண் பேனாவை மூடிவிட்டாள். அண்ணி என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை.

"அப்போ அவரு சாப்பிடலையா?"

"இல்ல அண்ணி."

"வயிறார சாப்பிட்டுட்டுதான் போனாருன்னு அன்னைக்கு சொன்னியேடி. அந்த ஒண்ண நினைச்சுதான்டி இத்தனை வருஷமா மனசைத் தேத்திக்கிட்டேன்."