ஆள் வேண்டாத தொட்டி

"வேலைக்குப் போறேன்" என்று அவள் சொன்னதற்குக் கணவன் வாங்கி வந்த பதில் மூன்றடி நீளம் இருந்தது. கண்ணாடித் தொட்டி, கறுப்பு மணல், கட்டுக்கட்டாகச் செடிகள், இருபது குட்டி மீன்கள், ஒரு கார்பன் டை ஆக்சைடு காஸ் சிலிண்டர்.

"கல்யாணத்துக்கு முன்னாடி லேப்ல என்ன பண்ணிட்டிருந்த? தண்ணிய டெஸ்ட் பண்ணின. அத இங்கேயே பண்ணு. மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தரணுமா?"

நீச்சல் தெரிந்த மீன்குஞ்சு வீட்டோடு நின்றது. காலை எட்டுக்கு சிலிண்டரைத் திறக்க வேண்டும். செடிகளுக்கு அந்த காஸ்தான் சாப்பாடு. மாலை ஐந்துக்கு மூட வேண்டும். மறந்தால் மீன்களுக்கு மூச்சு முட்டும். நடுவில் செடி கத்தரிக்கணும், பாசி சுரண்டணும். கடைத்தெருவுக்குப் போனாலும் கடிகாரம் முதுகில் ஏறிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் பழைய லேப் அதிகாரி கூப்பிட்டார். "இடம் காலியா இருக்கும்மா. நேர்ல வந்து பேசிட்டுப் போ."

போனாள். திரும்பும்போது பஸ் கிடைக்கவில்லை. வீடு சேர மணி ஏழு. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிட்டிகை சிட்டிகையாகத் தீனி தூவிக்கொண்டிருந்தாள்.

"பாவம், பசி. என்னைப் பாத்ததும் எப்படி வாயப் பொளக்குதுங்க பாரு!"

"அத்தே, அது பசியில்ல, மூச்சுத் திணறல்!"

சிலிண்டரை மூடி, பாதித் தண்ணீரை மாற்றினாள். நான்கு மீன்கள் அதற்குள் போய்விட்டன.

"ஒரு நாள் வெளிய போனதுக்கே இந்த லட்சணம்" என்றான் கணவன். "தினம் போனா?"

அதிகாரி கெடு சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதி, திங்கள், காலை ஒன்பது மணி. வராவிட்டால் வேறு ஆள்.

கையில் ஐந்து வாரம் இருந்தது. வாரா வாரம் காஸைக் குறைத்தாள். அது இல்லாமல் வாடிய செடிகளைப் பிடுங்கிவிட்டு, மெல்ல வளரும் தடித்த இலைச் செடிகளைக் கட்டையில் நூலால் கட்டினாள். விளக்குக்கு டைமர் வைத்தாள். மீந்த தீனியால் கெட்ட தண்ணீரைத் தினமும் சோதனைக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டாள். பச்சை நிறம் வந்தால் அம்மோனியா. மஞ்சள் வந்தால் நல்ல தண்ணீர். நான்காம் வாரம் முழுக்க மஞ்சள். சிலிண்டரைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

ஞாயிறு மதியம் கணவனிடம் சொன்னாள். "இனிமே இதுக்கு ஆளே வேண்டாம். வாரம் ஒருநாள் தண்ணி மாத்தினா போதும். நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்."

அவன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். முகம் மலர்ந்தது. "பிரமாதம்! உனக்குக் கை வந்துடுச்சு. அதான் அஞ்சடித் தொட்டி சொல்லியிருக்கேன். காலைல எட்டரைக்கு வருது. நீ இருந்து எறக்கி வை."

திங்கட்கிழமை அவன் எட்டுக்கே ஆபீஸ் போய்விட்டான். எட்டரைக்குத் தொட்டி வந்தது. வாசலில் பாதி நுழைந்து, திரும்பாமல் சிக்கியது. அந்தப் பக்கம் கடைக்காரரும் இன்னொருவரும். இந்தப் பக்கம் கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக அவள். எட்டு நாற்பதுக்கு பஸ்.

"கொஞ்சம் சாய்ச்சா உள்ள வந்துடும்மா" என்றார் கடைக்காரர்.

கண்ணாடி வழியாகத் தெரு தெரிந்தது. கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் பச்சையாக.

"சாய்க்காதீங்க. வெளிய இழுங்க."

"சார் உள்ள வைக்கச் சொன்னாரே?"

"முதல்ல நான் வெளிய வரணும்ணே. இழுங்க!"

இழுத்தார்கள். தொட்டி திண்டாடித் திரும்பி வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தது. அவள் செருப்பை மாட்டினாள்.

மாமியார் பதறி ஓடி வந்தாள். "அடியே, இத யாரு உள்ள எடுத்து வைக்கறது?"

"ஆள் வருவாங்க அத்தே."

"எந்த ஆளு?"

"வாங்கின ஆளு" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.