தானாக ஆட வேண்டிய நாற்காலி

அந்தச் சாய்ந்தாடும் நாற்காலி தானாக ஆட வேண்டும். ஆனால் யாரோ இழுத்துத்தான் ஆடுகிறது என்பது பச்சையாகத் தெரிந்தது.

இயக்குநருக்கு மண்டை காய்ந்தது. பேய்ப்படம் எடுப்பவர்களைக் கிண்டல் செய்யும் படம் அவளுடையது; தொடக்கம் முதல் சிரிப்புதான். இந்த ஒரு காட்சியில் மட்டும் அரங்கம் கப்சிப்பென்று ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவள் கிண்டல் செய்யும் படங்களில் இதுவும் ஒன்றாகிவிடும். படப்பிடிப்பு நடக்கும் வீட்டுக்கு மாலையில் புதுக் குடித்தனம் வேறு வரப்போகிறது; அதற்குள் முடித்தாக வேண்டும்.

மீன்பிடி நரம்பை நாற்காலிக் காலில் கட்டி, கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அவளே இழுத்தாள். நரம்பு கண்ணில் படவில்லை. குட்டு வேறு இடத்தில் வெளிப்பட்டது. இழுத்த மாத்திரத்தில் நாற்காலி வெடுக்கென்று முழு வீச்சில் ஆடியது. பேய் அப்படி அவசரப்படாது. முதலில் மயிரிழை, பிறகு விரற்கடை, அப்புறம்தான் ஒரு சாண். அந்தப் பதம் கைக்கு வரவேயில்லை.

போதாக்குறைக்குக் கதாநாயகன் அவளுடைய சொந்தத் தம்பி. 'ஆரம்பி' என்றதுமே அவனுக்கு முழி பிதுங்கிவிடும். நாற்காலி ஆடி ஓயும் நேரத்தில் முகம், தூங்கி எழுந்தவனைப் போலத் தெளிந்திருக்கும்.

"பேய் வர்றதுக்கு முன்னாடியே எதுக்குடா பயப்படுற?"

"வந்தப்புறம் என்னக்கா பயம்? அதான் வந்துடுச்சே."

"தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு மேடம்" என்றார் கேமராக்காரர்.

கடைசியாக எடுத்ததைப் பார்க்க உட்கார்ந்தார்கள். கேமராவை நிறுத்த அவர் மறந்திருந்ததால், நாற்காலி ஓய்ந்து நிற்கும்வரை பதிவாகியிருந்தது. மறுபடி பார்க்க அவர் படத்தைப் பின்னால் நகர்த்தினார். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லையே. பின்னாடி ஓட்டினேன்."

"இன்னொரு தடவை ஓட்டுங்க. மெதுவா."

ஓய்கிற நாற்காலியின் வீச்சு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் குறைகிறது. தலைகீழாக ஓட்டினால் அதுவே கொஞ்சங்கொஞ்சமாகக் கூடுகிறது. திரையில் அசையாமல் கிடந்த நாற்காலி, அசைந்ததா இல்லையா என்று தோன்றும்படி அசைந்தது. தம்பியின் தெளிந்த முகம் மெல்ல வெளிறி, முழி பிதுங்குவதில் போய் முடிந்தது.

"அப்ப நான் சரியாத்தான் நடிச்சிருக்கேன்."

"ஆமாடா. பின்னாடியிருந்து."

நரம்பை அவிழ்த்தாள். முள் பின்னோக்கி ஓடிக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். நாற்காலியைக் கையாலேயே பலமாகத் தள்ளிவிட்டுக் கேமராவின் பார்வையிலிருந்து விலகினாள். தம்பி வழக்கம்போல முதலில் பயந்து, பிறகு தெளிந்தான்.

எடுத்ததைத் தலைகீழாக ஓட்டிப் பார்த்தபோது மூவரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தள்ளிவிட்டு, ஓயும்வரை எடுத்து, பின்னாலிருந்து ஓட்ட வேண்டும். நாற்காலி தானாக ஆடும்.