எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஓடையை ஒட்டிச் சரிந்து இறங்கும் வீடுகளுக்குக் கீழ்க் காலனி என்று பெயர். ஒரு வீட்டின் தகரக் கூரை அடுத்த வீட்டு வாசலுக்கு மட்டமாக இருக்கும். அங்கே கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அரசாங்க மருத்துவ வசதி எந்த அளவுக்குப் போய்ச் சேர்கிறது என்று வீடு வீடாக விசாரித்து அறிக்கை கொடுக்கும் வேலை இந்துவுக்கு வந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவள் எடுத்துக்கொண்ட முதல் வேலை அது. குழந்தை இன்னும் தாய்ப்பாலை விடவில்லை. அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் கணவன் கமலேஷ் லீவு போட்டுவிட்டு, பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தைரியமாகப் போ என்று அனுப்பி வைத்தான்.

முதல் நாள் அவள் சுகாதார நிலையத்துக்குத்தான் போனாள். அது காலனிக்கு மேலே, ஒரு தேயிலைச் சரிவைத் தாண்டி மெயின் ரோட்டில் இருந்தது. அன்றைக்குக் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். ஆனால் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நர்ஸ் ராஜகுமாரி ஊட்டியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மருந்து கொடுப்பவர் மட்டும் ஜன்னல் ஓரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கர்ப்பிணிகள் யாரும் இங்கே வருவதே அபூர்வம் என்றார் அவர். ஏன் என்று கேட்டதற்கு, அது தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலனிக்குள் இறங்கியவளுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. மாதாமாதம் பரிசோதனைக்குப் போகிறீர்களா என்றால், போகிறோம் என்றார்கள். எங்கே என்றால், மேலே ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். குறை ஏதும் உண்டா என்றால், எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க என்றார்கள். ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போய், டாக்டர் தங்கமானவர், பொறுமையாகப் பார்ப்பார் என்றாள். டாக்டர் பெயர் என்ன என்று இந்து கேட்டதும் அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி வானத்தைப் பார்த்தாள்.

இந்துவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கோயமுத்தூரில் இதே வேலைக்குப் போன இடங்களில் அவள் உட்கார்வதற்கு முன்பே ஜனங்கள் குறைகளைக் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே வாயைத் திறந்தால் பாராட்டு. நேற்றுப் பார்த்த காலி பெஞ்சுகளை இந்தப் பாராட்டோடு எப்படிப் பொருத்துவது என்று அவளுக்குப் புரியவில்லை.

மத்தியானம் நெருங்கும்போது கமலேஷ் போன் செய்தான். பாப்பா பால் புகட்டும் பாலாடையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பிழிந்து வைத்த பால் அப்படியே இருக்கிறது என்றான். அவன் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டதுமே இந்துவுக்கு மார்பு கல்லாகக் கனத்து, ரவிக்கை நனைந்துவிட்டது. சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். வேலையை முடித்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் சமாளியுங்கள் என்றாள். அதற்கு அவன், நான் ஏற்கெனவே பஸ்ஸில்தான் இருக்கிறேன் என்றான்.

கொஞ்ச நேரத்தில் அவன் மேலே படிக்கட்டில் தெரிந்தான். அவனுடைய பெரிய ஸ்வெட்டருக்குள் குழந்தை பொட்டலமாகச் சுருண்டிருந்தது. குழந்தையின் குல்லாய் முன்பின்னாக மாறியிருந்தது. வழுக்கும் படிகளில் அவன் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கியதைக் காலனிப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

இந்து அப்போது மகாலட்சுமி வீட்டு வாசலில் நின்றிருந்தாள். மகாலட்சுமிக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கமலேஷிடமிருந்து குழந்தையை வாங்கி இந்துவின் கையில் கொடுத்து, உள்ளே பாய் விரித்து, கமலேஷை வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தினாள். குழந்தை விக்கி விக்கிக் குடித்தது. இந்துவுக்கும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தெய்வம்மா, பக்கத்து ஊரான கேத்திக்குக் கேரட் கழுவும் வேலைக்குப் போகிறவள், அன்றைக்கு வேலை இல்லாததால் வீட்டில் இருந்தாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து, கட்டிப்போன இடத்தில் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். இன்னும் சில பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

இத்தனை சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வரலாமா என்று தெய்வம்மா கேட்டாள். ஒரு சம்பளம் போதாத வீட்டு நிலைமையை இந்து மறைக்காமல் சொன்னாள். மலை ரோட்டில் பஸ் ஏறினாலே வாந்தி வரும் என்பதால், கர்ப்பமாக இருந்தபோது தானே சில பரிசோதனைகளுக்குப் போகாமல் விட்டதையும் சொன்னாள். தெய்வம்மா துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துக் கொடுத்தாள்.

மகாலட்சுமிதான் ஆரம்பித்தாள். "ஏனுங்க, காலைல நாங்க சொன்னதெல்லாம் பொய்யிங்க. நாங்க யாரும் மேல போறதே இல்லீங்க."

அதற்குப் பிறகு அவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னதிலிருந்து விஷயம் விளங்கியது. மேலே போகும் பாதை தேயிலைக்கு நடுவே போகிறது. காலை வேளையில் காட்டெருமைகள் அங்கேதான் மேயும். சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் காலையில்தான். சுற்றிக்கொண்டு ரோட்டு வழியே போகலாமென்றால் அரை நாள் கூலி போய்விடும். தெய்வம்மாவின் மகள் முழுகாமல் இருந்தபோது காட்டெருமைக்குப் பயந்து ஓடி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். நல்லவேளையாக வயிற்றில் இருந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தி தெரிந்த அன்று சாயங்காலமே நர்ஸ் ராஜகுமாரி பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். அன்றிலிருந்து வேலை நேரம் முடிந்ததும் அவர் காலனிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், சத்து மாத்திரையை விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார், திட்டுவார்.

"மேல யாரும் வர்றதில்லைன்னு நீங்க எழுதுனா, அப்பறம் அங்க எதுக்கு நர்சுன்னு அக்காவ வேற ஊருக்கு மாத்திப்போட்டுருவாங்க" என்றாள் மகாலட்சுமி. "அதான் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லோணும்னு பேசி வெச்சோம்."

பொய்யை எழுத இந்துவால் முடியாது. உண்மையை எழுதினால் இவர்கள் பயப்படுவது நடக்கவும் கூடும். கடைசியில், நர்ஸ் அக்கா வரும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டுவிடுவோம் என்றாள். பெண்கள் தயங்கினார்கள். ஆனால் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் ராஜகுமாரி வந்தார். ஐம்பதைத் தாண்டிய, கனத்த உடம்புக்காரர். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, கையில் ஒரு மூங்கில் தடி. மூச்சு வாங்க உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவாரோ என்று இந்து பயந்தாள். ஆனால் அவர் மகாலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"போன மழையில முட்டி வீங்கி நான் ஊட்டுல படுத்துக்கிட்டேன். அப்பத்தான் உனக்கு பிரஷர் ஏறுச்சு. ஏறுன சங்கதி எனக்கே அப்பறந்தான் தெரிஞ்சுது. ஏதாவது ஆயிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

மகாலட்சுமி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என்மேல பாசம் இருந்தா, என்னையவிட நல்லதா ஒண்ணு கேட்டு வாங்குங்க" என்றார் ராஜகுமாரி. பிறகு இந்துவைப் பார்த்து, "நீ உள்ளதை எழுது, அம்மிணி. நான் சாயங்காலம் வர்றதையும் எழுது. மாத்துனா மாத்தட்டும்" என்றார். சொல்லிவிட்டுப் பையைத் திறந்து எதையோ தேடினார்.

அதன் பிறகு வாய்கள் திறந்துகொண்டன. எடை பார்க்கும் மிஷின் ஓடாதது, ஸ்கேனுக்கு அலைய விடுவது, டாக்டரைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்கானது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நர்ஸ் அக்கா ரொம்பத் திட்டுகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள் தெய்வம்மா. அதையும் எழுதிக்கொள் என்று ராஜகுமாரியே சொன்னார்.

அருவங்காட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் குழந்தை கமலேஷின் தோளில் தூங்கிப்போனது. பாப்பா அழுததைவிட நான்தான் அதிகமாகப் பயந்துவிட்டேன் என்று அவன் மெதுவாக ஒப்புக்கொண்டான். இந்து அவன் தோளில் இன்னொரு பக்கம் சாய்ந்துகொண்டாள்.

அறிக்கை குறித்த கூட்டம் ஊட்டியில் நடந்தது. அந்த நர்ஸ் அனுமதி இல்லாமலா வெளியே போய்ப் பரிசோதனை செய்தார் என்று தலைமை வகித்த பெண் அதிகாரி கேட்டார். ஆமாம் என்றாள் இந்து. அவர் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்களை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். பிறகு, காலனியிலேயே பூட்டிக்கிடக்கும் அறை எதுவும் உண்டா என்று கேட்டார்.

இருந்தது. மாரியம்மன் திருவிழா நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த சமுதாயக்கூடம். அதைக் காலி செய்து வெள்ளையடிக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் மகாலட்சுமிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. வலி எடுத்தபோது ராஜகுமாரிதான் கூடப் போனார். வாரம் ஒரு நாள் சாயங்காலம் சமுதாயக்கூடத்தில் பரிசோதனை, மாதம் ஒரு முறை டாக்டர் வருவார் என்று ஏற்பாடு ஆனது. பாதைக்கு வேலி போடச் சொன்னது மட்டும் இன்னும் நடக்கவில்லை. ராஜகுமாரியை யாரும் மாற்றவில்லை. அங்கே பொறுப்பும் அவருக்கே வந்தது.

கூடத்தில் நடந்த முதல் பரிசோதனையைப் பார்க்க இந்து குழந்தையோடு வந்திருந்தாள். நாற்காலிக்குச் சண்டை, குழந்தைகளின் கூச்சல், நடுவே ராஜகுமாரியின் அதட்டல் என்று கூடம் அமளிப்பட்டது. எல்லாம் முடிந்து கதவைப் பூட்டிய பிறகு ராஜகுமாரி வீட்டுக்குப் போகாமல் மகாலட்சுமி வீட்டுப் பக்கம் இறங்கினார். இனி வீடு வீடாகப் போக வேண்டியதில்லையே என்று இந்து கேட்டாள்.

"இது வேலையில்ல, அம்மிணி. புள்ளையக் கொஞ்சோணுமில்ல" என்றார் அவர், தடியை ஊன்றி அடுத்த படியில் காலை வைத்தபடி.